மால்டாவில் வாடகை வீடு: பதிவாகாத பத்திரம் செல்லாது

மால்டாவுக்கு வேலைக்குப் போய் வீடு தேடுகிறவர்கள் முதலில் மயங்குவது பால்கனியில்தான். மரச்சட்டமும் கண்ணாடியும் வைத்து மூடிய, தெருவுக்கு மேல் துருத்தி நிற்கும் வண்ணப் பால்கனி. கடலோர ஊரான ஸ்லீமா பக்கம் என்றால் அதன் வழியே ஒரு துண்டுக் கடலும் தெரியும். நான் சுவரைப் பார்க்கச் சொல்வேன். தீவின் பழைய வீடுகள் தேன் நிறச் சுண்ணாம்புக்கல்லால் கட்டியவை. அந்தக் கல் ஈரத்தை உறிஞ்சும். ஆகஸ்டில் காய்ந்து பளிச்சென்று இருக்கும் அறை, டிசம்பர் மழையில் ஓதம் ஏறி, பீரோவுக்குப் பின்னால் கரும்பூஞ்சை பூக்கும். அது வீட்டின் குறையா, குடியிருந்தவரின் அலட்சியமா என்ற சண்டை, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் நாளில்தான் வெடிக்கும்.

ஆகவே சாவி வாங்கும் நாளிலேயே சுவர், மெத்தை, ஏசி, மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பொருட்களையும் அவற்றின் நிலையையும் குறிக்கும் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

அந்தச் சட்டத்துக்கு வயது அதிகமில்லை. 1995 ஜூனுக்குப் பிறகு செய்துகொண்ட வாடகை ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பாடு அநேகமாக இல்லாமலே இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் தனியார் குடியிருப்பு வாடகைக்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் உயிர்நாடி பதிவு. ஒப்பந்தத்தை வீட்டுவசதி ஆணையத்தில் பதிவு செய்வது வீட்டுக்காரரின் கடமை. பதிவாகாத ஒப்பந்தம் செல்லாது. அவர் இழுத்தடித்தால் குடியிருப்பவரே பதிவு செய்துவிட்டு, செலவை அவரிடம் கேட்கலாம். "வரி கட்ட வேண்டியிருக்கும், அதனால் பதிவு வேண்டாம், வாடகையில் ஐம்பது யூரோ குறைத்துக்கொள்கிறேன்" என்று யாராவது சொன்னால், அந்த ஐம்பது யூரோவுக்கு நீங்கள் விற்பது உங்கள் உரிமைகள் முழுவதையும்.

பதினொரு மாத அக்ரிமென்ட் பழகிய நமக்கு இன்னொரு செய்தி புதிது. அங்கே நீண்டகால வாடகை என்றால் குறைந்தது ஓராண்டு. ஆறு மாத ஒப்பந்தம் சில வகையினருக்கு மட்டும்தான்: குறுகிய காலப் பணிக்கு வந்தவர், சில மாதப் படிப்புக்கு வந்தவர் போன்றோர். காரணத்தைக் காட்டாமல் ஆறு மாதம் என்று எழுதிக்கொண்டாலும் சட்டம் அதை ஓராண்டாகவே எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் எழுதிய ஒப்பந்தத்தில் வாடகையை வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஏற்ற முடியாது. ஏற்றினாலும் 5 சதவீதம்தான் உச்சவரம்பு. காலம் முடிந்ததும் காலி செய்யச் சொல்ல வேண்டுமானால், மூன்று மாதத்துக்கு முன்பே வீட்டுக்காரர் பதிவுத் தபால் அனுப்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் இன்னோர் ஆண்டு தானாக நீளும்.

நீங்கள் கிளம்புவதற்கும் கணக்கு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த ஒப்பந்தமென்றால், ஆறு மாதம் இருந்த பிறகு ஒரு மாத முன்னறிவிப்போடு வெளியேறலாம். அதற்கும் பதிவுத் தபால்தான் சான்று. வாட்ஸ்அப்பை நம்ப வேண்டாம். வீட்டில் ஓர் அறையை மட்டும் எடுத்தவருக்கு விதி வேறு: ஒப்பந்தம் ஆறு மாதம், ஒரு வார முன்னறிவிப்பு போதும்.

மின்கட்டணத்தில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் பில் அனுப்புவது ஆர்ம்ஸ் என்ற நிறுவனம். வீட்டில் எத்தனை பேர் என்பது கணக்கில் ஏறியிருந்தால் 'ரெசிடென்ஷியல்' கட்டணம். சிக்கனமாகச் செலவழித்தால் தலைக்கு இவ்வளவு என்று தள்ளுபடியும் கிடைக்கும். ஆள் கணக்கே ஏறாத வீட்டுக்கு 'டொமஸ்டிக்' கட்டணம், அது கூடுதல். பெயரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும்! கையெழுத்திடும் முன்பே உங்கள் தலைகளைக் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள். பில்லின் அசலைக் காட்டாமல் ஒரு தொகையை மட்டும் எழுதி நீட்டுபவரிடம் ஆர்ம்ஸ் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

அட்வான்ஸ் பொதுவாக ஒரு மாத வாடகை. வீட்டுக்காரர் அதைத் திருப்பித் தர மறுத்தால், 5,000 யூரோ வரையிலான தகராறுகளை விசாரிக்கவே தனித் தீர்ப்புக் குழு இருக்கிறது. அதைத் தாண்டிய வழக்குகள் வாடகை ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போகும். பூட்டை மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, சாமான்களைத் தெருவில் வைப்பது ஆகியவை தகராறோடு நிற்பவை அல்ல, குற்றம். நேரே போலீஸுக்குப் போகலாம்.

இதெல்லாம் தெரிந்தும் பலர் வாய் திறப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் குடியிருப்பு அட்டைக்கு வீட்டு முகவரியும் வாடகை ஒப்பந்தமும் வேண்டும். "பதிவு, புகார் என்று கிளம்பினால் மாட்டுவது நீதான்" என்ற மிரட்டல் அந்தப் பயத்தில்தான் எடுபடுகிறது. பதிவு செய்யாததற்கு அபராதம் 2,500 முதல் 10,000 யூரோ வரை. சட்டம் அதை விதித்திருப்பது வீட்டுக்காரருக்கு.