ரைஃபிள் தோட்டாவில் குண்டை எவ்வளவு உள்ளே தள்ளணும்? ஒரு மில்லிமீட்டருக்கு நடக்கும் சண்டை!

இன்ஸ்டா ரீல்ஸில் இந்த மாதிரி வீடியோ உங்களுக்கும் வந்திருக்கலாம். ஒரு அமெரிக்கர் தன் வீட்டு கராஜில் உட்கார்ந்திருப்பார். சோடா பாட்டிலுக்கு மூடி அடிக்கிற மெஷின் மாதிரி ஒரு கருவி. கைப்பிடியை இழுத்ததும் பித்தளைக் கூட்டுக்குள் ஒரு குண்டு மெதுவாக இறங்கும். தோட்டா ரெடி.

அதோடு விடமாட்டார். கேலிப்பர் எடுத்து அளப்பார். தலையை ஆட்டுவார். ஒரு திருகாணியை லேசாகத் திருப்பி, குண்டை இன்னும் ஒரு மயிரிழை உள்ளே தள்ளுவார். மறுபடியும் அளப்பார். எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்? அந்த மயிரிழைக்குப் பின்னால் உண்மையிலேயே விஷயம் இருக்கா?

இருக்கு. ஆனால் அவர் நினைக்கிற அளவுக்கு இருக்கா என்பதில்தான் இப்போது சண்டையே.

முதலில், தோட்டாவுக்குள் என்ன இருக்கு?

நாம் பேச்சுவழக்கில் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரைக்கு மட்டும் பிரித்து வைத்துக்கொள்வோம். தோட்டா என்பது முழுப் பொருள். அதில் நான்கு பாகம்: பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. சுட்ட பிறகு குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் கையில் மிஞ்சும். அதில் புது பிரைமர், புது மருந்து, புது குண்டு வைத்துத் திரும்பத் தயாரிப்பதுதான் ஹேண்ட்லோடிங்.

அமெரிக்காவில் இது சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு. காசு மிச்சம் என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. ஆனால் 1,000 கெஜம், அதாவது சுமார் 914 மீட்டர் தூரத்து இலக்குக்குப் போட்டி போடுபவர்களின் காரணம் வேற: தன் துப்பாக்கிக்குத் தைத்த சட்டை மாதிரி ஒரு தோட்டா வேணும்.

குண்டுக்கு முன்னால் ஒரு காலி இடம்

துப்பாக்கிக் குழலின் உள்பக்கம் வழவழப்பாக இருக்காது. சுருள் சுருளாக மேடும் பள்ளமும் வெட்டியிருப்பார்கள். அந்த மேடுகள்தான் குண்டைப் பிடித்துச் சுழல வைக்கும். சுழன்றால்தான் பம்பரம் மாதிரி தடுமாறாமல் போகும்.

தோட்டா உட்காரும் அறைக்கும் அந்த மேடுகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். சுட்டதும் குண்டு கூட்டை விட்டுக் கிளம்பி, அந்த இடைவெளியைத் தாண்டி, மேட்டில் போய்ப் பதியும். இந்தத் தாவலுக்கு 'ஜம்ப்' என்று பெயர். கூட்டுக்குள் குண்டை ஆழமாகத் தள்ளினால் ஜம்ப் அதிகம். வெளியே நீட்டி வைத்தால் ஜம்ப் குறைவு. ரொம்பவே நீட்டினால் சுடுவதற்கு முன்பே குண்டு மேட்டில் போய் அழுந்தி நிற்கும். அதற்குப் பெயர் 'ஜாம்'.

தாவும் நேரத்தில் குண்டு துளி சாய்ந்து மேட்டில் நுழைந்தாலும், அந்தச் சாய்வின் பாதிப்பு இலக்கில் தெரியும். அதனால் ஜம்ப் எவ்வளவு என்பது குறியைப் பாதிக்கும் என்பதில் பெரிய சந்தேகம் கிடையாது. குண்டு குழலில் இருக்கும் நேரமும், அப்போது குழல் அதிரும் விதமும் மாறுவதால்தான் குறி மாறுகிறது என்று இன்னொரு விளக்கமும் உண்டு. அது இன்றைக்கும் விவாதத்தில் இருக்கிறது.

இவர்கள் கணக்குப் போடுவது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 'தவ்' என்ற அளவில். ஒரு தவ் என்றால் 0.0254 மி.மீ. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு!

அளவு நோட்டில் இருக்குமே, பார்த்து வைத்தால் போதாதா?

ஒரு எல்லை வரைதான். உதாரணத்துக்கு .308 வின்செஸ்டர் தோட்டாவின் மொத்த நீளம் அதிகபட்சம் 71.37 மி.மீ. என்று சாமி நிர்ணயித்திருக்கிறது. (கோயில் சாமி இல்லைங்க. 1926-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க ஆயுதத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு, சுருக்கமாக SAAMI என்பதைத் தமிழில் படித்தால் அப்படித்தான் வருது.) அந்த அளவு எந்த .308 துப்பாக்கியிலும் தோட்டா நுழையணும் என்பதற்கானது. உங்கள் துப்பாக்கியில் மேடு எங்கே தொடங்குது என்று அதற்குத் தெரியாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் இரண்டு துப்பாக்கிகளில் அந்த இடம் மாறலாம். பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணாடிப் பவரைக் கேட்டு நாம் கண்ணாடி போட முடியாது, இல்லையா?

இன்னொரு சிக்கல், மொத்த நீளம் என்பதே நம்ப முடியாத அளவு. ஒரே பெட்டியில் இருக்கும் குண்டுகளின் மூக்கு நுனி கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். மேட்டைத் தொடப்போவது நுனி இல்லை, அதற்குக் கீழே குண்டு பருக்கும் வளைவு. அதனால் அந்த வளைவில் உட்காரும்படி ஒரு சின்ன வளையத்தைக் கேலிப்பரில் மாட்டி, கூட்டின் அடியிலிருந்து வளைவு வரை அளக்கிறார்கள். முதலில் குண்டு மேட்டைத் தொடும் அளவைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எத்தனை தவ் என்று கணக்கு.

விளையாட்டு இல்லை: 62,000 பி.எஸ்.ஐ.

கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 32 பி.எஸ்.ஐ. .308 தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 62,000 பி.எஸ்.ஐ. ஏறக்குறைய 1,900 மடங்கு. அது நடப்பது சுடுபவரின் கன்னத்துக்குச் சில அங்குலம் தள்ளி.

குண்டு மேட்டில் அழுந்தி நின்றால் நகர ஆரம்பிக்கவே கூடுதல் விசை வேணும். அழுத்தம் சட்டென்று ஏறும். ஜம்ப் விட்டு, உச்ச வரம்பை ஒட்டி மருந்து அளந்து தயாரித்த தோட்டாவில், மருந்தைக் குறைக்காமல் குண்டை மட்டும் வெளியே நீட்டி ஜாம் செய்தால் பாதுகாப்பு எல்லை தாண்டிப் போக வாய்ப்பு இருக்கு. அதனால்தான் ஒன்றை மாற்றினால் மருந்தைக் குறைத்து மறுபடி முதலிலிருந்து வா என்பது இந்தத் துறையின் பாலபாடம்.

கைத்துப்பாக்கியில் கதை தலைகீழ். அங்கே கூடு ரொம்பச் சின்னது. குண்டு கொஞ்சம் உள்ளே போனாலே மருந்துக்கான இடம் சுருங்கி அழுத்தம் எகிறிவிடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு 'ஆழம் என்றால் சேஃப்' என்று சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

ஜாமில் இன்னொரு தொல்லை, கேட்க காமெடியாக இருக்கும். சுடாத தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு மேட்டிலேயே மாட்டிக்கொள்ளும். கூடு மட்டும் வரும். உள்ளே இருந்த மருந்து முழுக்கத் துப்பாக்கிக்குள் கொட்டிவிடும். போட்டி நடுவில் இது நடந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

சரியான ஆழத்தை எப்படித் தேடுகிறார்கள்?

நீண்ட கூர்மையான மூக்கு கொண்ட குண்டுகள் மேட்டைத் தொட்டு நின்றால்தான் ஒழுங்காகப் போகும் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். அப்படிப்பட்ட குண்டுகளைத் தயாரிக்கும் பெர்கர் நிறுவனமே பிறகு வேறொரு வழியைச் சொன்னது. போட்டிக்குச் சுடுபவர்களுக்கு அவர்கள் தந்த சோதனையில் நான்கே நிலைகள்: மேட்டில் 10 தவ் அழுத்தி, பிறகு 40, 80, 120 தவ் தள்ளி. நிலைக்கு 6 தோட்டா, மொத்தம் 24. எந்த நிலையில் குண்டுகள் நெருக்கமாக விழுகிறதோ, அதைச் சுற்றித் தேடு என்றார்கள்.

கவனியுங்கள், படிக்குப் படி குறைந்தது 40 தவ். கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். அதேசமயம் மூன்று மூன்று தவ்வாக நகர்த்தி, பத்துப் பதினைந்து நிலைகளைச் சோதிப்பவர்களும் இருக்கிறார்கள். நம்ம கராஜ்காரர் அந்த ரகம்.

முழுக்கச் செம்பில் செய்த குண்டுகள் இன்னும் தனி. அவற்றைத் தயாரிக்கும் பார்ன்ஸ் நிறுவனம் சுமார் 50 தவ் தள்ளித் தொடங்கச் சொல்கிறது. வெதர்பி துப்பாக்கிகளில் அந்தக் காலி இடத்தையே வேண்டுமென்று நீளமாக விட்டிருப்பார்கள். அங்கே மேட்டைத் தொட வைப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். ஆனாலும் அவை குறி பார்த்து அடிக்கத்தான் செய்கின்றன. 'தொட்டு நின்றால்தான் துல்லியம்' என்பது விதி இல்லை என்பதற்கு இதுவே போதும்.

இங்கேதான் ட்விஸ்ட்: 3 குண்டு சாட்சி போதுமா?

ஒரு நிலைக்கு மூன்று குண்டு சுட்டு, எது நெருக்கமாக விழுந்ததோ அதுதான் 'சரியான ஆழம்' என்று முடிவு கட்டுவது பரவலான பழக்கம். ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டி மூன்றும் தலை விழுந்தால், அது தலை மட்டுமே விழும் நாணயம் என்று சொல்வீங்களா?

கணக்குப்படி, எதையுமே மாற்றாமல் ஒரே தோட்டாவை மூன்று மூன்றாகச் சுட்டாலும் அந்தக் கூட்டத்தின் அகலம் சராசரியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறி இறங்கும். சராசரி 2 செ.மீ. என்றால் 1.3-ம் வரும், 2.7-ம் வரும். இரண்டும் சர்வ சாதாரணம். பத்து ஆழங்களைச் சோதித்து, உண்மையில் அவற்றுக்குள் வித்தியாசமே இல்லை என்றாலும், ஒன்று பிரமாதமாகவும் ஒன்று மோசமாகவும் தெரியத்தான் செய்யும். அடுத்த வாரம் அதே சோதனையைச் செய்தால் 'பிரமாதம்' வேற இடத்துக்கு மாறியிருக்கும்.

அமெரிக்காவின் பெரிய தோட்டாத் தயாரிப்பாளரான ஹார்னடியின் பொறியாளர்களே தங்கள் பாட்காஸ்ட்டில் இதைப் போட்டு உடைத்தார்கள்: நீங்கள் சுடும் எண்ணிக்கை ரொம்பக் குறைவு, அதை வைத்து எடுக்கும் முடிவுகளில் பல வெறும் தற்செயல். சுடுபவர்கள் வட்டத்தில் இது பலருக்குக் கசந்தது. பின்னே, வருஷக்கணக்காகக் கராஜில் உட்கார்ந்து கண்டுபிடித்த ரகசியம் நாணயம் சுண்டியது போலத்தான் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆழமே முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. பெர்கர் சொன்ன மாதிரி பெரிய பெரிய படிகளில் தெரியும் வித்தியாசம் நிஜமாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று தவ்வில் தெரியும் வித்தியாசத்தை நம்ப, மூன்று குண்டு பத்தாது. ஒற்றைப் புள்ளியைத் தேடுவதைவிட, கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் கெடாத ஒரு அகலமான இடத்தைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம் என்று படுகிறது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுடச்சுட குழலின் தொடக்கம் சூட்டில் அரித்துப்போகும். மேடு தொடங்கும் இடம் மெல்ல மெல்ல முன்னே நகரும். இன்று 20 தவ்வாக இருந்த ஜம்ப், நூற்றுக்கணக்கான குண்டுகளுக்குப் பிறகு அதே 20 ஆக இருக்காது. அந்த மேட்டைத் துரத்திக்கொண்டே குண்டை வெளியே இழுப்பவர்கள் உண்டு. அது முட்டாள்தனம் என்று தலைப்பு வைத்தே வீடியோ போட்டார் அமெரிக்கப் போட்டி வீரர் எரிக் கோர்டினா.

இந்தியாவில் செய்யலாமா?

ரீல்ஸ் பார்த்து ஆசைப்பட வேண்டாம். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5-ன்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை.

அப்போ 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே? அந்தப் போட்டிக்கான .22 தோட்டாவில் பிரைமர் தனியாகக் கிடையாது, அடி விளிம்புக்குள்ளேயே அடைத்திருக்கும். அதைக் கையால் திரும்பத் தயாரிப்பதில்லை. எல்லாருக்கும் ஃபேக்டரி சரக்குதான். ஆழத்தை மாற்ற முடியாததால் உலகத் தரத்தில் சுடுபவர்கள் பெட்டியை மாற்றுகிறார்கள். எலே, லாபுவா போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே சோதனைக் கூடம் வைத்திருக்கின்றன. துப்பாக்கியை அங்கே கொண்டுபோய்ப் பொருத்தி, வெவ்வேறு தயாரிப்பு எண் கொண்ட தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, தன் குழலுக்கு எந்த எண் ஒத்துப்போகிறதோ அந்த எண்ணையே மொத்தமாக வாங்கி வருகிறார்கள்.