மணிக்கு ஒரு கருப்புப் பொட்டு

பெய்ஜிங்கிலுள்ள அமெரிக்கத் தூதரகம் 2008இல் ஒரு காற்றுமாசுமானியை நிறுவியது. மணிக்குச் சுமார் ஒரு கன மீட்டர் காற்றை உறிஞ்சும் கருவி அது. காற்றைச் சுழலவிட்டு, 2.5 மைக்ரானுக்குப் பெரிய துகள்களை முதலில் ஒதுக்கிவிடும். மிஞ்சும் நுண்தூசி, கண்ணாடி இழை நாடாவில் சிறு பொட்டாகப் படியும். புகை மண்டிய நாளில் அது கன்னங்கரேலென்று இருக்கும். தூசி படியுமுன் ஒரு தடவை, படிந்தபின் ஒரு தடவை கார்பன்-14இன் பீட்டா கதிர்களை அந்த இடத்தில் செலுத்துவார்கள். எவ்வளவு கதிர் தடுக்கப்பட்டதோ, அதிலிருந்து தூசியின் எடையைக் கணக்கிடலாம். பிறகு நாடா நகர்ந்து அடுத்த பொட்டுக்கு இடம்விடும்.

கருவி ஒன்றும் புதிதல்ல. அது தந்த எண்ணை மணிக்கொரு தரம் ட்விட்டரில் போட்டதுதான் புதிது. சீன அரசு அன்று வெளியிட்ட தினசரிக் காற்றுத்தரக் குறியீட்டில் இந்த நுண்தூசிக்கு இடமே இல்லை. 2010 நவம்பரில் தூதரகக் குறியீடு 500ஐத் தாண்டியபோது, 'பைத்தியக்காரத்தனமான மோசம்' என்று பொருள்படும் பதிவே வந்தது. பின்னர் அதை நீக்கினார்கள் (நீக்கியிருக்க வேண்டாம் என்பேன்). 2013 ஜனவரி 12 அன்று கன மீட்டருக்கு 886 மைக்ரோகிராம் பதிவானது. உலக சுகாதார நிறுவனம் அப்போது வகுத்திருந்த ஒருநாள் வரம்பு 25தான்.

ஒரே ஒரு கருவி இவ்வளவு பெரிய நகரத்துக்குச் சாட்சி சொல்லுமா? 2012 ஜூனில் சீன அதிகாரிகள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை இன்னும் பல கருவிகளே தவிர, இருப்பதை மூடிவைப்பதல்ல. சீனாவும் கடைசியில் அந்த வழிக்கே வந்தது. 2013 ஜனவரி முதல் 74 நகரங்களின் நுண்தூசி அளவை அதுவே வெளியிட்டது. எண்ணைப் பார்த்தால் புகை குறைந்துவிடுமா என்றும் கேட்கலாம். குறையாது, நிலக்கரியைக் கட்டுப்படுத்தினால்தான் குறையும். ஆனால் அளக்காத புகைக்காக எந்த அரசும் நிலக்கரியில் கைவைக்காது. பல நாட்டு நகரங்களைச் செயற்கைக்கோள் தரவுகளோடு ஒப்பிட்டு 2022இல் வெளியான ஓர் ஆய்வு, தூதரகக் கருவிகள் வந்த நகரங்களில் நுண்தூசி 2 முதல் 4 மைக்ரோகிராம் வரை குறைந்ததாகக் கண்டது. ஒரு கருவியின் விலைக்கு இது கொள்ளை லாபம்.

2025 மார்ச்சில் அமெரிக்கா, நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, தூதரகங்களின் இந்தத் தரவைப் பொதுவில் பகிர்வதை நிறுத்தியது. சென்னைத் துணைத்தூதரகக் கருவியின் எண்களும் அதோடு நின்றன. சென்னைக்குப் பெரிய நஷ்டமில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையங்கள் இங்கே இருக்கின்றன. நம்பத்தக்க வேறு கருவியே இல்லாத நகரங்களின் நிலை வேறு. அங்கே விட்டுப்போன மணிநேரங்களைப் பிற்பாடு யாரும் அளந்து சேர்க்க முடியாது.