ஏற்றுமதித் தொழில்: திட்டம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

புதிதாகத் தொழில் தொடங்குவோர் இடம், இயந்திரம், மூலதனம் ஆகியவற்றையே முதலில் கருதுகின்றனர். வாங்கும் நாட்டின் நிபந்தனைகளைப் பின்னர் கவனித்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் பலர். இந்த வரிசை தவறானது என்பதைக் கேரளத்தின் இறால் ஏற்றுமதித் தொழில் உணர்த்துகிறது.

கொச்சி தந்த பாடம்

கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் 1972இல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. அக்காலத்தில் இறாலின் தலை நீக்கி ஓடு உரிக்கும் வேலை பெரும்பாலும் ஆலைக்கு வெளியே, 'பீலிங் ஷெட்' எனப்பட்ட தனிக் கொட்டகைகளில், பெண்களின் கையால் நடைபெற்றது. ஆலைகள் அதனை வாங்கி உறையவைத்து அனுப்பின. இதனால் செலவு குறைந்தது. ஆனால் சுகாதாரக் கண்காணிப்பு ஆலையின் கைக்கு எட்டவில்லை.

இறக்குமதி நாடுகளோ, வந்திறங்கிய சரக்கைச் சோதிப்பதோடு நில்லாமல், பயன்படும் நீர், பனிக்கட்டி, தளம், தொழிலாளர் தூய்மை என உற்பத்தி முழுவதையும் ஆராயத் தலைப்பட்டன. 1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடல் உணவுக்குத் தடை விதித்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் அமெரிக்காவும் 'ஹசாப்' எனும் இடர் ஆய்வு முறையைக் கட்டாயமாக்கியது. அங்கீகாரம் பெற்ற ஆலைகளுக்கே ஐரோப்பியச் சந்தை மீண்டும் திறந்தது. அதற்காக, ஓடு உரிக்கும் வேலையைத் தம் வளாகத்திற்குள் கொண்டுவரவும், நீர்ச் சுத்திகரிப்பு வசதி செய்யவும் ஆலைகள் முதலீடு செய்ய நேர்ந்தது. வருவாய் தடைப்பட்ட வேளையில் வந்த செலவு இது. கொட்டகைகளை நம்பியிருந்த பெண்களின் பிழைப்பும் ஆட்டங்கண்டது.

திட்டமிடும் முறை

ஆகவே, கட்டட வரைபடம் தயாராகுமுன் வாங்கும் நாட்டின் விதிகள் கைக்கு வர வேண்டும். பின்கட்டுமானத்தைவிட முன்னேற்பாடு மலிவானது.

விலையையும் அந்நாட்டுச் சந்தையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். அங்குக் கிடைக்கக்கூடிய விலையிலிருந்து சுங்கவரி, கப்பல் கூலி, காப்பீடு, சோதனைக் கட்டணம், கட்டுமானச் செலவு, பணம் வந்துசேரும் வரையிலான வட்டி ஆகியவற்றைக் கழித்தபின் எஞ்சுவதே உற்பத்திக்குரிய தொகை. அதற்குள் அடங்காத தொழில் ஏற்றுமதிக்கு உகந்ததன்று.

வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் வழங்கும் இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டு எண் இன்றியமையாதது. வாங்குபவர் பணம் தராது போகும் இடருக்கு, 1957இல் தோன்றிய ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனம் காப்பீடு அளிக்கிறது. எனினும் ஒரே நாட்டை நம்பியிருப்பதால் விளையும் கேட்டிற்கு மாற்றுச் சந்தைகளே மருந்தாகும்.

கடனுக்குப் பரிந்துரைக்கும் அதிகாரிகளும் இயந்திரப் பட்டியலுக்கு முன் இந்த விவரங்களைக் கேட்பார்களாயின், பல தொழில்கள் தொடக்கத்திலேயே உறுதிபெறும்.