கணினிக்கும் ஒரு கைகாட்டி

ரயில்வேயில் பழைய விதி ஒன்று உண்டு. கைகாட்டி எப்போதும் அபாய நிலையிலேயே நிற்க வேண்டும். பாதை சரியென்று உறுதியான பிறகே அதை இறக்க வேண்டும். கம்பி அறுந்தாலும் அது அபாய நிலைக்கே திரும்பிவிடும். நம் வீட்டுக் கணினியில் உள்ள ஃபயர்வால், அதாவது தீச்சுவர், இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

கணினிக்குள் தகவல் வந்துபோக 'போர்ட்' எனப்படும் எண்ணிட்ட வாசல்கள் 65,000க்கும் மேல் உண்டு. பாதுகாப்பான இணையதளங்களுக்கு 443, கோப்புப் பகிர்வுக்கு 445. நாம் கேட்டதற்கு வரும் பதிலைத் தீச்சுவர் உள்ளே விடும். கேட்காமல் வருவதை, நாம் அனுமதித்திருந்தாலொழிய, வாசலிலேயே நிறுத்திவிடும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் தீச்சுவர் இருந்தும், அது அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற புழு 135ஆம் வாசல் வழியே புகுந்தது. யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. கணினி இணையத்தில் இருந்தாலே போதும். மறு ஆண்டு வந்த சர்வீஸ் பேக் 2 முதல் தீச்சுவர் தானாகவே இயங்கலாயிற்று. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' 445ஆம் வாசலைப் பயன்படுத்தி உலகெங்கும் பரவியது. நம் பக்கத்து ஆந்திரப் பிரதேசக் காவல்துறைக் கணினிகள் சிலவும் அதற்குத் தப்பவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

வாசகர்கள் செய்ய வேண்டியவை:

1. 'விண்டோஸ் செக்யூரிட்டி' பகுதியில் தீச்சுவர் 'ஆன்' நிலையில் உள்ளதா என்று பாருங்கள்.

2. ரயில் நிலையம், ஓட்டல் போன்ற இடங்களில் வைஃபையில் இணைந்தால் 'பப்ளிக்' என்பதையே தேர்ந்தெடுங்கள்.

3. அறியாத மென்பொருள் அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

4. விண்டோஸ் திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

முக்கியமான ஒன்று. விண்டோஸ் தீச்சுவர் உள்ளே வருவதைத்தான் தடுக்கும். வெளியே செல்வதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. "பேங்கிலிருந்து பேசுகிறோம்" என்று சொல்பவரை நம்பி, அவர் சொல்லும் தொலைஇயக்க மென்பொருளை நாமே நிறுவினால், உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டதாகவே ஆகும். அப்படிப் பணம் போய்விட்டால் சிறிதும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். ஓய்வூதியப் பணத்தில் வாழும் நம் போன்றோர் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.