பரு போச்சு... தழும்பு போகுமா?

(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல்)



கேம்பஸ் இன்டர்வியூ வருகிறது என்றதும் ஹாஸ்டலில் இரண்டு பொருட்களுக்குத் திடீர் கிராக்கி வந்துவிடும். ஒன்று இஸ்திரிப் பெட்டி. இன்னொன்று முகத்துக்குப் பூசும் க்ரீம். "இதைப் பூசுடா, ஒரே வாரத்துல தழும்பெல்லாம் போயிடும்" என்று சீனியர் சொல்வார், ஜூனியர் பூசுவார். ஒரே ட்யூப், நாலு முகம்! நாலு முகத்திலும் இருப்பது ஒரே மாதிரித் தழும்புதானா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒர்க்‌ஷாப்பில் நாம் இப்படியா செய்கிறோம்? ஒரு ஜாப் பழுதென்று வந்தால், முதலில் பழுது என்ன என்று பார்ப்போம். ஆழமான ஓட்டையா, மேற்பரப்பு சொரசொரப்பா, வெல்டிங் மேலே துருத்தி நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் டூலில் கை வைப்போம். முகத்துக்கும் அதே நியாயம்தான். தழும்பில் பல ரகம் உண்டு. ரகம் தெரியாமல் சிகிச்சை தேடினால் பணமும் போகும், சில சமயம் முகமும் கெடும்.

தழும்பு எப்படி உண்டாகிறது?

தோலில் மயிர்க்கால் பக்கத்தில் எண்ணெய் சுரக்கும் சுரப்பி இருக்கிறது. டீன் ஏஜில் ஹார்மோன் வேகம் எடுக்கும்போது எண்ணெய் அதிகமாகச் சுரக்கிறது. துவாரத்தின் வாயை இறந்த செல்கள் அடைத்துக்கொள்ள, உள்ளே எண்ணெய் தேங்க, அங்கேயே குடியிருக்கும் பாக்டீரியா பெருக, அந்த இடம் வீங்கிச் சிவக்கிறது. இதுதான் பரு.

வீக்கம் மேலோட்டமாக இருந்தால் பெரும்பாலும் சுவடு தெரியாமல் ஆறிவிடும். ஆழத்துக்குப் போய்த் துவாரத்தின் சுவர் உடைந்தால், சுற்றியுள்ள கொலாஜன் சிதைகிறது. கான்கிரீட்டுக்குக் கம்பி எப்படியோ, தோலுக்குக் கொலாஜன் அப்படி. உடம்பு தானே ரிப்பேர் பார்க்கும்போது கொலாஜன் குறைந்துபோனால் பள்ளம், தேவைக்கு மேல் போட்டால் மேடு. பருத் தழும்புகளில் பத்துக்கு எட்டு ஒன்பது பள்ளம்தான். பருவைக் கிள்ளுவதும் பிதுக்குவதும் வீக்கத்தை இன்னும் உள்ளே தள்ளும் வேலை. அதனால்தான் "கை வைக்காதே" என்று அம்மா சொல்கிறார்கள்!

முதல் கேள்வி: அது தழும்புதானா?

கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மேடு பள்ளம் இல்லாமல் சமமாக இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால், அது தழும்பே இல்லை, வெறும் கறை. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும். நம்மைப் போன்ற மாநிற, கறுப்புத் தோலில் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும். வீக்கம் வந்த இடத்தில் மெலனின் அதிகமாகச் சேர்ந்துவிடுவதுதான் காரணம்.

இதற்கு லேசரும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும், ஆனால் மெல்ல மெல்லத் தானே மங்கும். வெயில் பட்டால் மட்டும் கறை அழுத்தமாகும். ஆகவே முதல் மருந்து, எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேலுள்ள சன்ஸ்கிரீன். சர்வே பிராக்டிகலுக்கு மைதானத்தில் நிற்கும் சிவில் நண்பர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். கறை சீக்கிரம் மங்க அசெலாயிக் ஆசிட், அடாப்பலீன் போன்ற மருந்துகளை டாக்டர் எழுதித் தருவார்.

பள்ளங்கள் மூவகை

விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டால் அதுதான் உண்மையான தழும்பு. 2001-ல் ஜேக்கப், டோவர், காமினர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இதை மூன்றாகப் பிரித்தார்கள். இன்றும் டாக்டர்கள் பின்பற்றுவது அந்தப் பிரிவினையைத்தான்.

1. ஐஸ் பிக்: ஐஸ் கட்டியைக் குத்தி உடைக்கும் ஊசியின் பெயர் இது. வாய் குறுகல், அகலம் 2 மி.மீ.க்கும் கீழே. ஆனால் ஆழம் அதிகம். சன்னமான ட்ரில் பிட்டால் துளை போட்ட மாதிரி இருக்கும். மேலே எந்தக் க்ரீமைத் தடவினாலும் இந்த ஓட்டையின் அடி நிரம்பாது. லேசரும் அவ்வளவு ஆழம் எளிதில் எட்டாது. இதற்கு வழி இரண்டு. முதலாவது, டி.சி.ஏ. கிராஸ். கூரான குச்சியால் அடர்த்தியான ட்ரைகுளோரோஅசிட்டிக் ஆசிட்டை ஓட்டைக்குள் மட்டும் ஒரு துளி வைப்பார்கள். அந்த இடம் வெளுத்து, பின் ஆறும்போது அடியிலிருந்து கொலாஜன் வளர்ந்து ஓட்டை மேலேறும். 2002-ல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட முறை இது. பல தடவை செய்ய வேண்டியிருக்கும். இரண்டாவது, பஞ்ச் எக்ஸிஷன். சிறிய வட்டப் பஞ்சால் தழும்பையே வெட்டி எடுத்துவிட்டுத் தையல் போடுவது. ஆழ்குழிக்குப் பதில் மெல்லிய கோடு மிஞ்சும்.

2. பாக்ஸ் கார்: சரக்கு ரயில் பெட்டி மாதிரி சுவர் செங்குத்து, அடி தட்டை. அகலம் 1.5 முதல் 4 மி.மீ. மில்லிங்கில் ஸ்லாட் போட்ட மாதிரி. இங்கே ஆழம்தான் தீர்மானிக்கும். அரை மி.மீ.க்குள் இருந்தால் மைக்ரோ நீடிலிங், ஃப்ராக்ஷனல் லேசர் இரண்டுமே பலன் தரும். அதைவிட ஆழமாக, அடித்தோல் நன்றாக இருந்தால், வட்டமாக வெட்டி அடியை மட்டும் மேலே தூக்கி மட்டம் பார்த்து ஆறவிடுவார்கள். இதன் பெயர் பஞ்ச் எலிவேஷன்.

3. ரோலிங்: 4 மி.மீ.க்கு மேல் அகலம், சரிவான ஓரம், அலை அலையான தோற்றம். நேர் வெளிச்சத்தில் அவ்வளவாகத் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். இதில் மேல்தோல் மேல் குற்றமில்லை. உள்ளே நார்கள் தோலைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. கீழே கயிறு கட்டி இழுக்கும்போது மேலே பாலிஷ் போட்டு என்ன பயன்? கயிற்றை அறுக்க வேண்டும். அதுதான் சப்சிஷன். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தோலுக்கு அடியில் ஒரு ஊசியை விட்டு அந்த நார்களை அறுப்பார்கள். 1995-ல் ஓரன்ட்ரைக் என்ற அமெரிக்க மருத்துவர்கள் விவரித்த முறை. ஒன்றிரண்டு வாரம் கன்னிப்போய் நீலமாக இருக்கும், அப்புறம் சரியாகும். இன்டர்வியூவுக்கு முந்தின வாரம் போய்ச் செய்துகொள்ளாதீர்கள்!

மேடான தழும்பு

தாடை ஓரம், மார்பு, தோள், முதுகு இங்கெல்லாம் சிலருக்குத் தழும்பு கெட்டியாக மேலே எழும்பும். காயத்தின் எல்லைக்குள் நின்றால் ஹைப்பர்ட்ரோபிக், எல்லை தாண்டி வளர்ந்தால் கீலாய்டு. "மேடுதானே, வெட்டி எறிந்தால் போச்சு" என்று நினைக்க வேண்டாம். கீலாய்டை வெறுமனே வெட்டினால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வர வாய்ப்பு அதிகம். ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தழும்புக்குள்ளேயே போடுவதும், சிலிகோன் ஜெல் அல்லது ஷீட்டை மாதக்கணக்கில் உபயோகிப்பதும்தான் இதற்கு வழக்கமான வைத்தியம். கீலாய்டு வரும் உடம்பு என்றால், வேறு எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஊசியும் லேசரும்

மைக்ரோ நீடிலிங் என்பது நுண்ணிய ஊசிகளால், சாதாரணமாக ஒன்றரை மி.மீ. ஆழம் வரை, தோலில் குத்துவது. உடம்பு அதைக் காயம் என்று நினைத்துக்கொண்டு புதுக் கொலாஜன் போடும். ஃப்ராக்ஷனல் லேசரின் தத்துவமும் ஏறக்குறைய அதுவே. 2004-ல் வந்த இந்த யுக்தியில், முகம் முழுவதையும் சுடாமல் புள்ளி புள்ளியாகச் சுட்டு, நடுவில் நல்ல தோலை விட்டுவிடுவார்கள். அந்த நல்ல தோல் காயத்தைச் சீக்கிரம் ஆற்றிவிடும்.

இரண்டுக்குமே மாதம் ஒன்றாக நாலைந்து சிட்டிங் ஆகலாம். கொலாஜன் உருவாக மூன்றிலிருந்து ஆறு மாதம் பிடிக்கும். கான்கிரீட்டுக்கே 28 நாள் க்யூரிங் பார்க்கிறோம், தோலுக்குப் பொறுமை வேண்டாமா?

நம் தோலுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. தோல் கறுப்பாக இருக்க இருக்க, லேசருக்குப் பின் கருங்கறை படியும் அபாயம் கூடுகிறது. டி.சி.ஏ.வுக்கும் இது பொருந்தும். அதனால் அனுபவமுள்ள டாக்டர் லேசர் அளவைக் குறைத்து வைப்பார், சிறிய இடத்தில் சோதித்துப் பார்ப்பார், சன்ஸ்கிரீனை வற்புறுத்துவார். மைக்ரோ நீடிலிங்கில் இந்த அபாயம் குறைவு.

பெரும்பாலான முகங்களில் இந்த ரகங்கள் கலந்துதான் இருக்கும். அப்போது வரிசை முக்கியம். முதலில் புதிதாகப் பரு வருவதை நிறுத்த வேண்டும். பிறகு நாரை அறுப்பதும் ஆழ்குழியைச் சரிசெய்வதும். கடைசியில்தான் மேற்பரப்புக்கு நீடிலிங் அல்லது லேசர். ரஃப் கட் முடியாமல் ஃபினிஷிங் கட் ஓட்டக் கூடாது என்பது லேத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

கூடவே கூடாதவை

ஹாஸ்டலில் சுற்றும் அந்த ட்யூபின் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபிட்டசால், மொமிட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் வாரம் சிவப்பு அடங்கி முகம் பளபளக்கும். "பாத்தியா, வேலை செய்யுது!" என்போம். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் வெளியே தெரியும், பரு முன்னைவிட அதிகமாகும். நிறுத்தினால் முகம் எரியும், அதனால் மறுபடியும் பூசத் தோன்றும். 2018-ல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத 'ஹெச்' அட்டவணைக்குள் கொண்டுவந்ததே இந்தக் கொடுமையால்தான். ஏற்கெனவே நீண்ட நாள் பூசியவர்கள் டாக்டரைப் பார்த்து, அவர் சொல்லும் முறைப்படி விட்டுவிட வேண்டும்.

எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துப்போகும். ஊசி ரோலரை வாங்கி அறையில் நாமே உருட்டினால், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்று வரும். டி.சி.ஏ. ஆசிட்டை வீட்டில் தொடவே கூடாது. தவறினால் புதுத் தழும்பு நிச்சயம்.

எங்கே போவது? என்ன கேட்பது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் செலவில்லாமல் காட்டலாம். தனியாரிடம் போனால், அவர் தோல் மருத்துவம் படித்தவரா என்று பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு நுழையுங்கள். பிறகு கேட்க வேண்டியவை நான்கு: என் தழும்பு எந்த ரகம்? அந்த ரகத்துக்கு ஏன் இந்தச் சிகிச்சை? மொத்தம் எத்தனை சிட்டிங், எல்லாம் சேர்த்து எவ்வளவு ரூபாய்? எந்த அளவுக்குக் குறையும்? "நூற்றுக்கு நூறு போய்விடும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தழும்பு குறையும், அடியோடு மறையாது. நேர்மையான டாக்டர் அதைத்தான் சொல்வார்.

செலவு செய்யுமுன் இன்னொரு சோதனை. ஒரு நண்பனை 50 செ.மீ. தள்ளி நிற்கச் சொல்லி உங்கள் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தூரத்தில் பளிச்சென்று தெரியாவிட்டால் டாக்டர்கள் கணக்கில் அது லேசான தழும்பு. தெரிந்தாலும், தோலை இழுத்துப் பிடித்தால் மட்டமாகிறது என்றால் நடுத்தரம். இழுத்தும் போகாவிட்டால்தான் கடுமையானது. கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்து, "என் முகமே போச்சு" என்று வகுப்புக்கே வராமல் இருக்கிறவர்கள் இந்தச் சோதனையை அவசியம் செய்யுங்கள்.

கடைசியாக முதலாமாண்டு தம்பி, தங்கைகளுக்கு. தழும்புக்கு மிக மலிவான வைத்தியம், பரு இருக்கும்போதே அதைக் கவனிப்பதுதான். 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல், இரவில் கொஞ்சம் அடாப்பலீன் என்று டாக்டர் எழுதிக்கொடுப்பதை எட்டிலிருந்து பன்னிரண்டு வாரமாவது விடாமல் போடுங்கள். (பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும், நண்பனின் துண்டை எடுத்துத் துடைக்காதீர்கள்!) உள்ளே உருண்டையாக, வலியோடு வரும் பரு என்றால் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அதுதான் குழி பறிக்கும் பரு. அடுத்த லீவு நாள் வரை காத்திராமல், ஒரு காலை வகுப்பை விட்டாவது ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள்.