தோடர் பூத்துக்குளியும் பழமை தேடுவோரும்

சென்ற மாதம் தணிக்கைக்குச் சென்ற நெசவாளர் சங்கமொன்றில், அங்கத்தினர் ஒருவர் தாம் மலையில் வாங்கிய போர்வையைப் பிரித்துக் காட்டினார். நூறு வருஷத்துப் பழசு என்று சொல்லிக் கொடுத்தார்களாம். விலையோ அவருடைய இரண்டு மாத நெசவுக் கூலி.

அது தோடர்களின் பூத்துக்குளி. நீலகிரி 1868 வரை நம் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தும், இக்கலையை நம்மில் அறிந்தோர் சிலரே. தோடர் நெய்வதில்லை, வெள்ளைப் பருத்தித் துணி சமவெளித் தறிகளிலிருந்தே மலையேறுகிறது. அதன்மேல் பெண்கள் சிவப்பும் கறுப்புமாகப் பின்னுகின்றனர். வரைந்த மாதிரி கிடையாது. இழைகளை எண்ணிக்கொண்டே ஊசி செல்லும். இவ்வேலைக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘புகூர்’, அதாவது மலர். 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

வட அமெரிக்காவில் சிப்பேவா எனப்படும் ஓஜிப்வே மக்கள், ஐரோப்பிய வணிகர் கொணர்ந்த கண்ணாடி மணிகளால் துணிமேல் மலர்க்கொடிகள் தைத்தனர். அங்கும் மணி அன்னியருடையது, பூ அவர்களுடையது. அவர்களுடைய 19-ஆம் நூற்றாண்டுப் பைகள் இன்று பொருட்காட்சிசாலைகளில் உள்ளன. பழைய பூத்துக்குளியோ அவ்வளவு எளிதில் அகப்படாது. தோடர் இறந்தவரைப் பூத்துக்குளியால் போர்த்தியே தகனம் செய்வது வழக்கம். நல்ல வேலைப்பாடுகள் பல அவ்வாறு நெருப்போடு போயின. ஒரு வீட்டுப் பெட்டியில் பழையது இருப்பின், அதை விலை பேசுமுன் யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது முறை. நூறாண்டு கடந்ததாயின், 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் இயலாது.

நண்பரின் அனுமதியோடு ஓர் இழையைப் பிரித்துத் தீயில் காட்டினேன். கம்பளியாயின் மயிர் கருகும் நாற்றத்தோடு பொடியாகும். இதுவோ உருகிக் கெட்டியான மணியாயிற்று. அக்ரிலிக்! அந்த நூல் விற்பனைக்கு வந்ததே 1950-ஐ ஒட்டித்தான். பின்னல் குற்றமற்றது, அதைச் செய்தவள்மேல் பழியில்லை. புது வேலைக்கான கூலியே அவள் கைக்குச் சென்றிருக்கும். பொய்யான வயதின் விலை இடையில் நின்றவருக்கு. என்னை உறுத்தியது இதுவே.

நண்பர் வழவழப்பான பக்கத்தை வெளியே மடித்திருந்தார். நூல் புடைத்து நிற்கும் பக்கத்தையே தோடர் நேர்ப்பக்கமாகக் கொள்வர் என்றேன். திருப்பிப் போட்டார்.

“ரசீது வாங்கினீர்களா?”

“இல்லீங்க.” சிறிது நேரம் விளிம்பை விரலால் நிமிண்டிப் பார்த்தார். “பாவு இழை தொண்டையா ஓடியிருக்குதுங்க. நம்ம தறியில இப்படி விட மாட்டோம்.”