பரணில் பழைய ஃபிளாப்பி கிடைத்ததா? 'ஃபார்மட்' மட்டும் கொடுத்துடாதீங்க! உள்ளே இருப்பதை மீட்பது எப்படி?

காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பரணில் ஒரு டப்பா நிறைய ஃபிளாப்பி. அப்பா ஆம்பூர் தோல் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதியவர். லேபிளில் பேனாவால் 'கணக்கு 97', 'கடிதங்கள்' என்று எழுதியிருக்கிறார். அப்பா இப்போது இல்லை. டப்பாவைக் குப்பையில் போடுவதா, திறந்து பார்ப்பதா? விரிவாகப் பார்க்கலாம்.

ஃபிளாப்பியில் எவ்வளவு இருக்கும்?

3.5 அங்குல ஃபிளாப்பியில் 2 பக்கம். பக்கத்துக்கு 80 வட்டத் தடங்கள், தடத்துக்கு 18 துண்டுகள், துண்டுக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். இதைத்தான் 1.44 எம்பி என்கிறோம். இப்போது செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே பெரும்பாலும் இதில் அடங்காது. ஆனால் டைப் செய்த கடிதம் என்றால் நூற்றுக்கணக்கான பக்கம் அடங்கும்.

சோனி நிறுவனம் 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. அதனால் வீடுகளில் மிச்சம் இருப்பவை எல்லாமே வயதானவை. ஈரம், பூஞ்சை, காந்தம் மூன்றும் அதற்கு எதிரி.

ஏன் 'ஃபார்மட்' கூடாது?

எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, ஃபிளாப்பியின் தொடக்கத் தடத்தில்தான் இருக்கும். அந்த இடம் தேய்ந்தால் விண்டோஸுக்கு எதுவும் புரியாது. "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். ஃபைல்கள் உள்ளே பத்திரமாகவே இருக்கலாம். 'சரி' என்று அழுத்தினால் அதையும் அழித்துவிடும். 'வேண்டாம்' கொடுத்துவிட்டு வெளியே வாங்க.

அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்?

டாஸ் கம்ப்யூட்டர்களில் 'டிஸ்க்காப்பி' என்று ஒரு குட்டி புரோகிராம் இருந்தது. ஃபைல் ஃபைலாக இல்லாமல், துண்டு துண்டாக முழு ஃபிளாப்பியையும் அப்படியே இன்னொன்றில் நகல் எடுக்கும். ஒரே டிரைவ் உள்ள வீட்டுக் கம்ப்யூட்டரில், மெமரி போதாமல் இரண்டு ஃபிளாப்பியையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கணும். டாஸ் 6.2 வந்த பிறகுதான், ஹார்டு டிஸ்க்கில் தற்காலிகமாக வைத்து ஒரே மூச்சில் முடித்தது.

இன்றைக்கும் அதே வழிதான். நகல் இன்னொரு ஃபிளாப்பிக்குப் போகாமல், ஒரே ஃபைலாக லேப்டாப்பில் சேமிக்கப்படும். இதற்கு 'டிஸ்க் இமேஜ்' என்று பெயர்.

என்ன செய்யணும்?

● முதலில் எழுத முடியாதபடி பூட்டுங்க. 3.5 அங்குலத்தில் மூலையில் உள்ள ஓட்டை திறந்திருந்தால் பூட்டு. 5.25 அங்குலத்தில் நேர் எதிர். பக்கவாட்டு வெட்டை ஸ்டிக்கரால் மூடினால்தான் பூட்டு.

● மூடியை மெதுவாகத் தள்ளி உள்ளே பாருங்க. வெள்ளைத் திட்டு இருந்தால் பூஞ்சை. டிரைவில் போடாதீங்க. அடுத்து போடும் நல்ல ஃபிளாப்பியும் கெட்டுவிடும்.

● யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் 3.5 அங்குலத்துக்கு மட்டும்தான். 5.25 அங்குலத்துக்குப் பழைய டிரைவும் 'கிரீஸ்வீசில்' போன்ற சிறிய போர்டும் தேவை.

● விண்டோஸில் 'வின்இமேஜ்', லினக்ஸில் 'டிடிரெஸ்கியூ' மூலம் இமேஜ் எடுங்க. டிடிரெஸ்கியூ நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட துண்டுகளைப் பிறகு திரும்பத் திரும்ப முயலும்.

● ஃபைலைத் திறப்பது, தேடுவது எல்லாம் இமேஜின் பிரதியில் மட்டும்.

ஃபைல் வந்துடுச்சு, தமிழ் வரலையே?

பயப்பட வேண்டாம். யூனிகோடுக்கு முன்பு பாமினி, வானவில் என ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனி முறை இருந்தது. தமிழ்நாடு அரசே 2010-ல்தான் யூனிகோடை ஏற்றது. அதனால் அப்பாவின் கடிதம் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியலாம். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, 'என்ஹெச்எம் கன்வெர்ட்டர்' போன்ற மாற்றியில் போட்டால் தமிழ் திரும்ப வந்துவிடும்.

லேபிளையும் ஒரு போட்டோ எடுத்து இமேஜுடன் சேர்த்து வைங்க. உள்ளே இருப்பது கணக்காக இருக்கலாம், கடிதமாக இருக்கலாம். ஆனால் லேபிளில் இருப்பது அப்பாவின் கையெழுத்து. முதல்ல நகல், அப்புறம்தான் நோட்டம்!